திங்கட்கிழமை சொன்ன பொய்

2018இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். திருப்பூரில் பத்து வருடம் பார்த்த அதே வேலைதான், சாம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி.

ஜூன் 10 ஞாயிறு. ட்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோவிலுக்குக் கிளம்பினேன், பாதி வழியிலேயே தெரு அடைப்பு. எங்கே பார்த்தாலும் கையில் அட்டையோடு ஜனங்கள். மூன்று சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் நிலத்தை 99 வருடம் வரை குத்தகைக்கு விட ஒரு மசோதா, இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்த இன்னொன்று, இரண்டுக்கும் எதிராகத்தான் அந்தக் கூட்டம். மசோதாவில் சீனாவின் பெயர் இல்லை, ஆனால் நிலம் சீனாவுக்குத்தான் போகும் என்று எல்லாரும் பயந்தார்கள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அன்று ராத்திரி அந்தக் கூட்டத்தில் எடுத்த ஒரு வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. வில் நுயென், 32 வயது, ஹூஸ்டனில் பிறந்த அமெரிக்கர், அப்பா அம்மாவின் பூர்வீகம் வியட்நாம், சிங்கப்பூரில் முதுகலைப் படிப்பை முடிக்கும் சமயம். தலையிலும் முகத்திலும் ரத்தத்தோடு அவரை நான்கைந்து பேர் தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலை, எங்கள் மேனேஜர் வெளிநாட்டுக்காரர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஒர்க் பெர்மிட் நினைவிருக்கட்டும், இதைப் பற்றி ஆபீஸில் பேச்சே வேண்டாம் என்றார். சீட்டுக்குத் திரும்பினால் சாம்பிள் ரூம் பெண் மெதுவாகக் கேட்டாள், "ஆன், பார்த்தீங்களா?" (அங்கே மூத்த ஆணை 'ஆன்' என்பார்கள், நம் அண்ணன் மாதிரி.) இல்லை என்றேன். ராத்திரி மூன்று முறை பார்த்திருந்தேன்.

என் வேலை, என் குடும்பம், சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் என்னிடம் கருத்தா கேட்டாள்? அந்த ரத்தத்தைப் பார்த்த இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

இரண்டே நாளில், ஜூன் 12 அன்று, இணையச் சட்டம் நிறைவேறியது, நில மசோதா மட்டும் தள்ளிப்போனது. வில் நுயென் அரசுத் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவிப்பதைக் காட்டினார்கள், காவலில் இருக்கும் ஒரு மனிதன் பேசுவதை எப்படி அவனுடைய பேச்சு என்று நம்புவது? பொது அமைதியைக் குலைத்தார் என்று வழக்கு, ஏழு வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு ஜூலை 20 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு சொல்லி நாட்டைவிட்டு அனுப்பினார்கள்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டில் அவள், "அவர் வீட்டுக்குப் போயிட்டார், ஆன்" என்றாள். அவள் ஊர் பின் துவான் மாகாணம். அங்கேயும் அதே ஜூனில் பெரிய கலவரம், பிடிபட்ட உள்ளூர்க்காரர்கள் பலர் சிறைக்குப் போனார்கள், அவர்களை அனுப்பிவைக்க வேறு நாடு ஏது? அப்புறம் ஒரு நாள் ஊருக்குப் போக வேண்டும் என்று லீவு பாரம் கொண்டுவந்தாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதியிருந்தாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.