குறை சொல்லுங்கன்னு கேட்டா, காது கொடுத்துக் கேட்கணும்

படம் வரையுற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

"குறை இருந்தா சொல்லுங்க"ன்னு போட்டுட்டு, சொன்னவங்க கமெண்டை அழிக்காதீங்க. ஒரு குழுவுல ஒரு தம்பி பென்சில் போர்ட்ரெய்ட் போட்டிருந்தான். கண்ணுல அவ்வளவு உயிர். ஆனா காது மூக்கு நுனிக்கும் கீழே இறங்கியிருந்துச்சு. புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவுலதான் காது வரணும்னு ஒரு அக்கா பொறுமையா எழுதி, படத்து மேலேயே கோடு போட்டுக் காட்டினாங்க. கொஞ்ச நேரத்துல அந்தக் கமெண்டையே காணோம். "செம ப்ரோ", "வேற லெவல்" மட்டும் மிச்சம். அந்த அக்கா இனிமே யாருக்காவது சொல்லுவாங்களா?

இன்னொண்ணுக்கு எனக்குக் கோபமே வருது. அடுத்தவங்க படத்தை எடுத்து, மூலையில இருக்குற கையெழுத்தை வெட்டிட்டுப் போடுறது. வாட்டர்கலர்ல ஒரு கோபுரம் முடிக்கணும்னா ஒவ்வொரு பூச்சும் காயுற வரை காத்திருக்கணும். அந்த உழைப்புக்கு ஒரே அடையாளம் அந்தக் கையெழுத்துதான்.

2022 டிசம்பர்ல, வரைஞ்ச படங்களைப் போட்டுக் காட்டுற ஆர்ட்ஸ்டேஷன் தளத்துல ஓவியர்கள் ஏஐ எதிர்ப்புப் படமாப் போட்டுப் போராடினாங்க, எங்களைக் கேக்காம ஏஐயைப் பழக்க எங்க படத்தை எடுக்காதேன்னு. அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு சொன்னவங்க சிலரே இப்படி வெட்டி ஒட்டுறதைப் பாக்குறப்போ மனசு வலிக்குது. வரைஞ்சவங்க பேரைப் போட ஒரு வரி போதுமே. அதைப் பார்த்து அவங்களுக்கு ஒரு ஆர்டராவது வந்திருக்கும்.