பிழை இல்லை

போட்டித் தேர்வு ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த விடை 'நோ எரர்'. என் மாணவர்களுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்குத் திருச்சியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். பிழையே இல்லை என்பதும் ஒரு விடையாக நிற்கும். அதைக் குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகிறவரைப் பார்ப்பது அபூர்வம். கேள்வி என்று வந்துவிட்டால் அதில் ஏதாவது கோளாறு இருந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

பிழையுள்ள வாக்கியங்கள் உண்மையில் எளியவை. பழகிய சில வலைகளைத்தான் மாற்றி மாற்றி விரிக்கிறார்கள். 'நோ சூனர்' வந்தால் பின்னால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்'. கூடவே 'நாட்' எட்டிப் பார்க்கக் கூடாது. பேச்சில் 'லெஸ்ட்' போடுகிற மனிதரை நான் இன்னும் சந்தித்ததில்லை. ஆனாலும் வரி உதவியாளர் வேலை வேண்டுமென்றால் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்று பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்வார்கள். பாதிதான் சரி. 'சீனியர் தேன் மீ' என்று எழுதுவது 'என்னைவிட மூத்தவர்' என்பதன் நிழல். அங்கே 'டு' வர வேண்டும். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' ஒட்டிக்கொள்வதும் நம் 'பற்றி' செய்கிற வேலைதான். ஆனால் 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஆர் கமிங்' எங்கிருந்து வந்தது? 'என் நண்பனில் ஒருவன் வருகிறார்கள்' என்று தமிழில் எந்தக் குழந்தையாவது சொல்லுமா? 'நண்பர்களில் ஒருவன் வருகிறான்.' பன்மை இருக்க வேண்டிய இடத்தில் பன்மை, வினைமுற்றில் ஒருமை. மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தாலே இரண்டு பிழையும் கண்ணில் பட்டிருக்கும். 'கோப் அப் வித்' என்பதில் நுழைந்திருக்கும் 'அப்'புக்கும் தமிழ் பொறுப்பல்ல. இந்தியா முழுக்க அலுவலகக் கடிதங்களில் அது குடியிருக்கிறது.

எஸ்எஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழிப்பு. நான்கு விடைகளில் ஒன்றை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தாலே துணிந்து குறிப்பது லாபம். இதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினால் நம்புகிறார்கள். 'நோ எரர்' குறிக்கச் சொன்னால் மட்டும் கை நடுங்குகிறது.

நடுக்கத்திலும் நியாயம் உண்டோ என்று தோன்றவைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு சர்ச்சை. 2002 அக்டோபரில் அங்குள்ள பள்ளி மாணவர்கள் எழுதிய பிஎஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுக்கான முன்னோட்டத் தேர்வில் நாவலாசிரியர் டோனி மாரிசன் பற்றி ஒரு வாக்கியம்: 'டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர் டு கிரியேட் நாவல்ஸ் தட் அரைஸ் ஃப்ரம் அண்ட் எக்ஸ்பிரஸ்...' என்று போகும். ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பட்ட அநீதிகளிலிருந்து எழுந்து அவற்றையே வெளிப்படுத்தும் நாவல்களைப் படைக்க, மாரிசனின் மேதைமை அவருக்குக் கைகொடுக்கிறது என்பது அதன் சாரம். தேர்வு வாரியத்தின் விடை: பிழை இல்லை. மேரிலாந்து மாநிலத்து ஆசிரியர் ஒருவர் விடவில்லை. 'மாரிசன்ஸ்' என்பது உடைமையைக் குறிக்கும் அடைமொழி, பெயர்ச்சொல் அல்ல. ஆகவே 'ஹெர்' என்ற பிரதிப்பெயர் அதைச் சுட்ட முடியாது என்றார். முதலில் மறுத்த வாரியம் 2003இல் இறங்கிவந்து அந்தக் கேள்வியையே மதிப்பீட்டிலிருந்து நீக்கியது.

அப்படி ஒரு விதியே கிடையாது என்று மொழியியலாளர்கள் பிறகு எழுதினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். 'ஹெர்' யாரைக் குறிக்கிறது என்று வாசகர் யாரும் திகைக்கப்போவதில்லை. விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் நல்ல வாக்கியமும் குற்றவாளியாகத்தான் தெரியும்.

அந்த வாக்கியத்தை என் மாதிரித் தேர்வுகளில் அவ்வப்போது சேர்ப்பேன். பாதிப் பேர் 'எக்ஸ்பிரஸ்' என்ற வினையைப் பிடித்துக்கொள்வார்கள், 'எக்ஸ்பிரஸஸ்' என்று இருக்க வேண்டுமாம். 'நாவல்ஸ்' பன்மை, அதனால் வினை சரி என்று விளக்கினால், அப்படியானால் 'அரைஸ் ஃப்ரம்' தவறாக இருக்கும் என்று அடுத்த துண்டுக்குத் தாவுவார்கள். 'ஹெர்' மீது இதுவரை ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை.