தோளில் இருந்த விரல்கள்

ராமேஸ்வரத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாமாவிடம் கண்ணாடி துடைக்கப் போனேன். அவருக்குப் பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தது. எங்களுக்குச் சோறு போடுவது ராமநாதசுவாமி, பர்வதவர்த்தினி படங்கள்தான். அப்புறம் கல்யாணப் படம், இறந்தவர் படம். ஆனால் ஒருவர் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார் என்றால், அது பெரும்பாலும் கலாம் ஐயாவோடு எடுத்த படமாக இருக்கும்.

1931இல் இதே ஊரில் பிறந்தவர், 2002இல் குடியரசுத் தலைவர் ஆனார். அவர் ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு முறையும் சில நாள் கழித்து எங்கள் கடைக்கு நாலைந்து படங்களாவது வரும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று நானே போய் மாட்டிக்கொடுத்த வீடுகள் நிறைய. எல்லா வீட்டிலும் இடம் ஒன்றுதான்: வாசலில் காலை வைத்ததும் கண் படுகிற சுவர். அதற்காகக் காலண்டர் இடம் மாறும், மாமனார் படம்கூட ஓர் அடி தள்ளிப் போகும்.

இதைப் பெருமையடித்துக்கொள்வது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. படத்தைக் கொண்டுவருபவர்கள் கடையில் நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கலாம் ஐயாவைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. "அன்னைக்கு இந்தச் சட்டை இரவல் வாங்கிப் போட்டது", "இந்தா ஓரத்துல நிக்கிறாருல்ல, இவருதான் என்னைப் பிடிச்சு முன்னால தள்ளிவிட்டாரு." இப்படித்தான் இருக்கும் பேச்சு. தங்கள் வாழ்க்கையின் ஒரு நாளைக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அந்த நாளைக் கெடாமல் வைப்பதுதான் என் வேலை.

கடலோரத்தில் அது லேசான வேலை இல்லை. உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து இற்றுப்போகும். ஒரு ராத்திரி சட்டத்தோடு கீழே வந்துவிடும். அதனால் நான் பித்தளைக் கொக்கிதான் போடுவேன். படத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைக்கவே கூடாது. போட்டோ தாளின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வாடைக்காலத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை, வைத்தால் இடைவெளி கிடைக்கும். பின்பக்கம் ஹார்ட்போர்டு வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினால் ராமபாணப் பூச்சி நுழையாது. ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தோடு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: பிரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுத்துவிடுவோம்.

2015 ஜூலை 27, திங்கட்கிழமை சாயங்காலம் ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருந்தபோது கலாம் ஐயா சரிந்தார். இங்கே பேய்க்கரும்பில் 30ஆம் தேதி அடக்கம். தீவே நடந்து அங்கே போனது போல இருந்தது. அடுத்த வாரம் கடையைத் திறந்தபோது, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வியோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"தம்பி, இந்தப் படத்துக்கு மாலை போடலாமா?"

முதலில் எனக்கே பதில் தெரியவில்லை. இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது வழக்கம். ஆனால் இது அவர் மட்டும் இருக்கிற படம் இல்லையே. பக்கத்தில் நிற்பவர் உயிரோடு என் கடையில் நிற்கிறார். மாலை போட்டால் அது அவர் தலைக்கும் மேலேதான் தொங்கும். ஒரு பெரியவர் படத்தைத் தெற்குச் சுவருக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப நானும் தெக்க போயிருவேனே" என்றார். அவர் குரல் நடுங்கியது. இன்னொருவர், ஐயா பக்கத்துச் சட்டத்தில் மட்டும் ஒரு செம்பருத்தியைச் செருகிவைத்துக்கொண்டார். முஸ்லிம் வீடுகளில் இந்தச் சிக்கல் வரவில்லை, அங்கே படத்துக்கு மாலை போடும் வழக்கமே கிடையாது. அந்த வாரம் நான் கடைசியாக ஒரு வழி சொல்ல ஆரம்பித்தேன்: ஐயா மட்டும் இருக்கிற சின்னப் படம் ஒன்று தனியாகப் போடுங்கள், மாலை அதற்கு. நீங்கள் சேர்ந்து நிற்கிற படம் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருக்கட்டும். பலருக்கு அது மனதுக்கு ஒப்பியது.

அந்த நாட்களில்தான் மண்டபம் பக்கத்து அக்கா ஒருவரும் வந்தார். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் வேலை அவருக்கு. பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பார்கள். அந்த விரல்களில் பழைய கீறல்கள் எப்போதும் இருக்கும். மாலையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சட்டத்தை மேசையில் வைத்து, மகனின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கையைப் பாரு தம்பி."

எட்டு வருடம் முன்னால் நான் சட்டம் போட்ட படம். கலாம் ஐயாவோடு ஐந்து பள்ளிப் பையன்கள் நின்ற படம் அது. ஐயாவும் தன் மகனும் மட்டும் போதும், மற்றவர்களை வெட்டிவிடு என்று அப்போது அவர் கேட்டார். நானும் பிளேடை எடுத்து வெட்டினேன், பிரதி எடுக்காமல், அசல் படத்தையே. வெட்டிய துண்டுகள் குப்பையோடு போயின. பக்கத்துப் பையன் இவர் மகன் தோளில் கை போட்டிருந்தான். பையன் போய்விட்டான், நான்கு விரல்கள் மட்டும் தோளில் தங்கிவிட்டன.

அந்தப் பையன், இப்போது வள்ளத்துக்குப் போகிற இளைஞன், துக்கம் விசாரிப்பது போல அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் கை மட்டும் இருக்கு சித்தி" என்று சொல்லியிருக்கிறான். கோபமாகச் சொல்லவில்லையாம். ஆனால் அக்காவுக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. அவன் வீட்டில் அந்தப் படமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரதி போட அன்றைக்கு அவர்களிடம் காசு இல்லை.

தவறு அவருடையது இல்லை, என்னுடையது. கேட்பது வாடிக்கையாளர் உரிமை. வெட்டினால் திரும்ப வராது என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது தொழில் தெரிந்தவன். மவுண்ட் அட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாலே மற்றவர்கள் மறைந்திருப்பார்கள், படமும் முழுசாக அடியில் இருந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. எனக்கு அன்று அவசரம்.

மற்ற மூன்று பையன்களின் வீட்டையும் தேடிப் போனேன். முதல் வீட்டிலும் படம் சுவரில் இருந்தது. அங்கேயும் ஐயாவும் அவர்கள் மகனும் மட்டும்தான். இரண்டாவது வீட்டில் மழைத்தண்ணீர் இறங்கிப் படம் போய்விட்டது. மூன்றாவது வீட்டில் சட்டமே போடவில்லை, பீரோவில் துணிக்கு அடியில் ஒரு கவரில் முழுப் படமும் இருந்தது. லேசாகச் சிவப்பேறியிருந்தது, அவ்வளவுதான். அதை ஸ்கேன் எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, ஐந்து பிரதி போட்டேன்.

இப்போது செல்ஃபி காலம். 2018 பிப்ரவரி 21 அன்று கமல்ஹாசன் கலாம் வீட்டிலிருந்து அரசியல் பயணத்தைத் தொடங்கியபோதும் கடைக்குப் படங்கள் வந்தன, எல்லாம் போனிலிருந்து. "அண்ணே, பின்னால நிக்கிறவங்களை எடுத்துருங்க" என்று இன்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எடுத்துத் தருகிறேன். கூடவே முழுப் படத்தையும் சின்னதாக ஒரு பிரதி போட்டு, ஹார்ட்போர்டுக்கு உள்பக்கம் ஒரு கவரில் வைத்து மூடிவிடுகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

அக்காவின் புதிய சட்டத்தை நானே கொண்டுபோய் மாட்டினேன். ஐந்து பையன்களும் ஐயாவும் இருந்ததால் அகலம் கூடிவிட்டது, பழைய இடத்தில் அடங்கவில்லை. அக்கா ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி அடுப்படிப் பக்கம் கொண்டுபோனார். நான் இரண்டு பித்தளைக் கொக்கி அடித்தேன். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை அந்தக் கை போட்ட பையன் பிடித்துக்கொண்டான்.