ஆறு மாசம் எனக்கு நானே சோதனை எலி

கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின்னு ஒரு ஸ்டாடின் வகை மாத்திரை, 20 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாங்க, மூணாவது வாரமே தொடையில அப்படி ஒரு கடுப்பு, படி ஏறவே கைப்பிடிய புடிக்கணும், நானா நிறுத்திட்டேன். டாக்டர் திட்டல. தசை கெட்டிருக்கான்னு பாக்கற சிகே ரத்த டெஸ்ட் எடுத்தாரு, நார்மல். "ட்ரையல்ல மருந்து சாப்ட்டவங்களுக்கும் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்ட்டவங்களுக்கும் இந்த வலி கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க"ன்னாரு. எனக்குக் கோவம், என் காலு எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து தோண்டுனதுல 2002ல வந்த ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடி மாட்டுச்சு. ஸ்டாடின் வகை மருந்துக்குப் பிரிட்டன்ல பண்ண பெரிய ட்ரையல், 20,536 பேரு. ஆனா அதுக்கு முன்னாடியே ரன்-இன்னு ஒரு கட்டம் வெச்சு, சில வாரம் மாத்திரை குடுத்துப் பாத்து, அங்கயே வடிகட்டிட்டாங்க, 32 ஆயிரத்துச் சொச்சம் பேர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அப்பவே கழண்டாச்சு. என்னை மாதிரி ஆளு கணக்குலயே வரலயே சார்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போய் நின்னேன். சிரிச்சாரு. "கழண்டவங்க எல்லாரும் வலியால போகல, ஆனா நீங்க கேக்கறது நியாயம், உங்கள வெச்சே ஒரு ட்ரையல் பண்ணிடலாம்." என்-ஆஃப்-ஒன்னு பேராம்.

ஆறு டப்பா, மாசத்துக்கு ஒண்ணு. ரெண்டுல மருந்து, ரெண்டுல டம்மி, ரெண்டு காலி. அவருக்குத் தெரிஞ்ச ஃபார்மசிஸ்ட் ஒருத்தர் ஒரே மாதிரி கேப்ஸ்யூல்ல போட்டுக் குடுத்தாரு, எதுல எதுன்னு டாக்டருக்கே தெரியாது, லிஸ்ட் ஒட்டுன கவர்ல. நடுவுல லிப்பிட் டெஸ்ட் எடுக்கவே கூடாதுன்னு கண்டிஷன், எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் எறங்குனா குட்டு உடைஞ்சிடும்ல. தெனம் படுக்கப் போறப்ப வலிக்கு 0லேருந்து 100 வரைக்கும் மார்க், பொண்ணோட பழைய ரஃப் நோட்டுல.

மூணாவது மாசம் சத்தியமா இது ஸ்டாடின்தான்னு அடிச்சு சொன்னேன். நாலாம் நாளே 60 போட்டேன், ராத்திரி எந்திரிச்சு கேப்ஸ்யூல பிரிச்சு நாக்குல வெச்சுப் பாக்கலாமான்னு கூட தோணுச்சு, வீட்டம்மா டப்பாவ அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க.

கவர் பிரிச்சா மூணாவது மாசம் டம்மி! சராசரி பாத்தா காலி டப்பா மாசத்துல 9, டம்மிக்கு 37, மருந்துக்கு 40. அசடு வழிஞ்சேன். அப்பதான் 'சாம்சன்'னு ஒரு ஆராய்ச்சி பத்தி டாக்டர் சொன்னாரு, 2020ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல இதே மாதிரி மாத்திரைய விட்டவங்க 60 பேருக்கு 12 டப்பா வெச்சுப் பண்ணாங்களாம், மருந்துல வந்த தொந்தரவுல 90 சதவீதம் டம்மிலயும் வந்திருக்கு. வலி பொய்யில்ல, வந்தது வந்ததுதான், மாத்திரை முழுங்குறோம்ங்கற பயமே அதக் கொண்டாந்துடுதாம்.

எல்லா வியாதிக்கும் இது ஆகாது, நிறுத்துனா எஃபெக்ட் போயிடுற மருந்துக்கும் நாள்பட்ட தொந்தரவுக்கும்தான் சரிவரும். டாக்டர் இல்லாம யாரும் தனியா ஆரம்பிச்சுடாதீங்க.

இப்ப மறுபடி அதே அட்டோர்வாஸ்டாடின் 20 சாப்ட்டுட்டிருக்கேன். நோட்டு பழக்கம் விடல. நேத்து 15, ஆனா தண்ணி கேன ரெண்டாவது மாடிக்குத் தூக்குனேன், அத எந்தக் கணக்குல எழுதறதுன்னு தெரியல.