விசிலுக்கு முன் பேட்டா

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் கபடிப் போட்டிகளில் பல ஆண்டுகளாக நடுவராக நிற்கிறேன். அதற்குத் தரும் பேட்டாவை, அதாவது நாள்படியை, நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், முழங்கால் ஒத்துழைக்காமல் ஆட்டத்தை விட்டவர்கள். களத்தை விட மனம் வராததால் வருகிறோம்.

‘ஆர்வத்தில்தானே வருகிறார்கள்’ என்று விழாக் கமிட்டி எங்களைக் கடைசியில் வைப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. மைக்செட், ஜெனரேட்டர், பந்தல் எல்லாவற்றுக்கும் முன்பணம் போய்விடும். நடுவர்களுக்கு மட்டும் இறுதி ஆட்டமும் பரிசளிப்பும் முடிந்து, விடியும் நேரத்தில், கையில் மிஞ்சியதிலிருந்து ஒரு கவர். சில ஊர்களில் பொன்னாடையோடு சரி.

தொகை சிறியது என்பதைவிட, அது வரும் நேரமே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. போனஸ் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஆறு பேராவது நிற்க வேண்டும். கபடி பாடி வருபவரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதியும்போது மறுகால் தரையில் படாமல் இருக்க வேண்டும். புரோ கபடியில் சந்தேகம் வந்தால் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். இங்கே டியூப்லைட் வெளிச்சத்தில், புழுதிக்கு நடுவே, கண் பார்த்ததுதான் தீர்ப்பு. விதிப்படி ஆறு பேர் பார்க்க வேண்டிய வேலையைப் பல ஊர்களில் மூன்று பேர் பார்க்கிறோம். அந்தக் கணத்தில், உள்ளூர் அணி தோற்றால் கவர் மெலியும் என்ற நினைப்பு நடுவரின் மூளையில் ஓரமாகக்கூட இருக்கக் கூடாது. நேர்மையானவர்தான் என்றாலும், அவரை ஏன் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

நடுவர் தேர்வு எழுதித் தேறி வந்த ஓர் இளைஞன், நல்ல கண் உள்ளவன், வருவதை நிறுத்திவிட்டான். பணம் போதவில்லை என்று அவன் சொல்லவில்லை. மேடைப் பக்கம் நின்று பொருளாளர் கண்ணில் படக் காத்திருப்பதைத்தான் சொன்னான்.

மேலூர்ப் பக்கம் ஒரு கமிட்டி முதல் ஆட்டத்துக்கு முன்பே பேட்டாவையும் பஸ் செலவையும் தனித்தனியாகக் கொடுத்தது. அன்று உள்ளூர் அணி ஒரே புள்ளியில் தோற்றது. தீர்ப்பைச் சொல்ல எங்களில் யாருக்கும் குரல் தயங்கவில்லை. இப்போது யார் அழைத்தாலும் இந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். உடன் வரும் இளையவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.