சாங்கியில் கண்ட கறுப்பலகுக் கிளி

சிங்கப்பூரின் சாங்கி வில்லேஜில் மாலை நேரக் கிளிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. தஞ்சாவூரில் கோபுரப் பொந்துகளில் பார்த்து வளர்ந்த செந்தார்ப் பைங்கிளிதான் இங்கும் பறக்கிறது என்றே முதல் இரண்டு வாரங்களும் எழுதி வைத்திருந்தேன். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்றை வாங்கிய பிறகுதான், அந்தப் பறவையின் தலை சாம்பல் நிறம் என்பதும், மார்பு முழுவதும் ரோஜா நிறம் படர்ந்திருப்பதும், அலகின் அடியிலிருந்து இருபுறமும் மீசைபோல் அகன்ற கறுப்புப் பட்டை ஓடுவதும் தெரிந்தன. அது செம்மார்புக் கிளி. இமயமலை அடிவாரம் முதல் ஜாவா வரை இயற்கையாக வாழும் இந்த இனம், சிங்கப்பூருக்கு வெளியிலிருந்து வந்து பெருகியது.

அடுத்த குழப்பம் அலகில் வந்தது. சில பறவைகளின் மேலலகு பவளச் சிவப்பாகவும், சிலவற்றின் அலகு முழுக் கறுப்பாகவும் இருந்ததால், கறுப்பலகுப் பறவையை வேறோர் இனம் என்று குறித்து ஒரு மாதம் தனியாகவே எண்ணி வந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, இயல்வாகை மரக்கிளையில் சிவப்பலகுப் பறவை ஒன்று தலையை மேலும் கீழும் அசைத்து, தின்றதைக் கக்கி, அருகில் ஒட்டி உட்கார்ந்திருந்த கறுப்பலகுப் பறவைக்கு ஊட்டியது. இரண்டும் ஓரினத்து ஆணும் பெண்ணும் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த ஐந்து நிமிடங்கள் கற்றுத்தந்ததைப் படங்களை ஒப்பிட்டு நான் கற்றிருக்கவே முடியாது.

இந்நாட்டில் இயற்கையாகவே வாழும் நீண்டவால் கிளியைச் சாங்கியில் தேடிக் களைத்து, சுவா சூ காங் சாலையோர மரங்களில்தான் கண்டேன். அதன் உச்சந்தலை பச்சை. ஆணின் கன்னங்கள் செந்நிறம். மார்பில் ரோஜா நிறம் கிடையாது. அந்தமான், நிக்கோபார் தீவுகளிலும் இது வாழ்கிறது என்பதை அறிந்தபோது தனி மகிழ்ச்சி ஏற்பட்டது. இரண்டு இனங்களும் தாமாக மரத்தைக் குடைவதைவிட இருக்கும் பொந்துகளையே பெரிதும் நம்பியிருப்பதால், பட்டுப்போன மரம் ஒன்று வெட்டப்படும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

ஏழு மணியையொட்டி அவை கூட்டமாக அடையும்போது வெளிச்சம் மங்கி, நிறங்கள் தெரிவதில்லை. அதனால் இப்போது ஐந்தரை மணிக்கே சென்று, இரையெடுக்கும்போதே இனம் பிரித்து எண்ணுகிறேன். நாட்டு வாதுமைக் காயை ஒற்றைக் காலில் பற்றிச் சுழற்றி உண்ணும் பறவை வெகுநேரம் ஓரிடத்தில் இருக்கும். செம்மார்புக் கிளியின் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் மார்பில் ரோஜா நிறம் இருப்பதில்லை என்பதால், தனியாக அமர்ந்திருக்கும் இளம்பறவைகளை மட்டும் பெற்றோர் அருகே வரும்வரை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.