மூட்டுக்குள் பிடித்த துரு

தொழில் கற்ற புதிதில் என் சவரக்கத்தி எப்போதும் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு முகம் முடிந்ததும் துடைத்துவிடுவேன். ஒருநாள் மடக்கும்போது கரகரவென்று சத்தம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் அதைக் கையில் வாங்கி, அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் ஆணியருகே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் திறந்து மூடினார். வெள்ளைத் துணியால் ஒற்றினால் செம்பழுப்புக் கறை.

"அலகைத் துடைச்சது சரி தம்பி, மூட்டைத் துடைச்சியா?"

பதில் சொல்ல முடியவில்லை. சுமார் 1% கரிமம் உள்ள எஃகு அது. துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் கிடையாது. அலகில் படும் ஈரம் காற்றில் உலர்ந்துவிடும். கைப்பிடித் தகடுகளுக்கும் எஃகுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் புகுந்த சோப்புத் தண்ணீர் உலராது, அங்கேயே கிடந்து அரிக்கும்.

அன்றிலிருந்து கத்தியைக் கழுவும்போது அலகை மட்டுமே நனைக்கிறேன். முதுகிலிருந்து கூர்ப்பக்கமாகத் துடைத்தபின், மெல்லிய காகிதத்தை நாடாவாகக் கிழித்துத் தகடுகளுக்கிடையே நுழைத்து ஆணியைச் சுற்றி இழுப்பேன். காகிதம் ஈரமில்லாமல் வரும்வரை இதைச் செய்வேன். கிருமிநீக்கத்துக்கு 70% ஆல்கஹால் போட்டாலும் இதே வேலைதான், மீதி பெரும்பாலும் தண்ணீர்தானே. பிளீச்சிங் கரைசலைக் கிட்டவே சேர்ப்பதில்லை. எஃகைக் குழிகுழியாகத் தின்றுவிடும்.

இரவு கடை மூடுமுன் ஊசிமுனையில் கனிம எண்ணெய் தொட்டு ஆணியின் இருபுறமும் ஒரு துளி. சமையல் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசின்போல் இறுகி, மூட்டையே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய கத்தியைத் தோலுறைக்குள் வைப்பதும் தவறு, தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

ஆணி தளர்ந்தால் இன்னும் கவலை. மடக்கும்போது அலகு ஒருபக்கம் சாய்ந்து தகட்டில் உரசும். மைக்ரான் கணக்கில் தீட்டிய கூர் அங்கேயே சிதையும். ஆணித்தலையைச் சிறிய பட்டறைக்கல்லில் தாங்கி, உருண்டை முகச் சுத்தியலால் பூப்போலத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, ஒருமுறை திறந்து பார்ப்பது, மறுபடி இரண்டு தட்டு. அவசரப்பட்டு ஓங்கித் தட்டி ஒரு கொம்புக் கைப்பிடியில் நானே விரிசல் விட்டிருக்கிறேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

அந்த முதல் கத்தியின் ஆணியை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். துளையைச் சுற்றிக் கடுகளவில் மூன்று குழிகள். நல்லவேளை, அலகுவரை பரவவில்லை. இப்போதும் அதில்தான் சவரம் செய்கிறேன்.